காப்பியை மறுத்தால் மனம் நோக வேண்டாம்

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டை. இப்படி இரண்டு வெளிநாட்டு இளைஞர்கள் எப்போதும் சேர்ந்தே நடப்பதை நம்மில் சிலர் பார்த்திருக்கலாம். இவர்கள் மோர்மன் எனப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் ஊழியர்கள்.

வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி கலக்கிக் கொடுப்பது தோட்டத்து வழக்கம். அதை இவர்கள் வேண்டாம் என்றால், “நம்ம வீட்டுல குடிக்க மாட்டாங்களோ?” என்று மனம் சுருங்கும். காரணம் அதுவல்ல. 1833இல் சபை நிறுவனர் ஜோசப் ஸ்மித் அறிவித்த நெறிப்படி மது, புகையிலையோடு காப்பியும் தேநீரும் விலக்கு. எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பதில்தான். பச்சைத் தண்ணீருக்கோ மைலோவுக்கோ தடையில்லை.

ஆண்கள் 18 வயதிலேயே இப்பணிக்கு வரலாம். பணிக்காலம் இரண்டு ஆண்டு. எந்த நாட்டுக்குப் போவது என்பதைச் சபை முடிவு செய்யும். சம்பளம் கிடையாது, செலவுக்குச் சொந்தச் சேமிப்பு அல்லது குடும்பத்தின் உதவி. காலை 6.30 அளவில் எழுந்து உடற்பயிற்சி, சமயப் படிப்பு. பிறகு சந்திப்புகள், சமூகத் தொண்டு. துணி துவைக்கவும் சாமான் வாங்கவும் வாரத்தில் ஒரு நாள். 2019 பிப்ரவரி வரை வீட்டுக்குப் போன் பேச ஆண்டுக்குப் பொதுவாக இரண்டு முறைதான் அனுமதி. இப்போது வாரந்தோறும் பேசலாம்.

அவர்கள் சமயம் நமக்கு வேண்டாமென்றால் வாசலிலேயே பணிவாகச் சொல்லிவிடலாம். வெயிலில் வந்த பிள்ளைகளுக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து அனுப்புவதில் நமக்குக் குறைவொன்றும் இல்லை.