லீவே போடாத கோழி!

கேன்டீனில் ஆம்லெட் வந்தாலே எனக்குப் பாட்டி வளர்த்த நாட்டுக்கோழி ஞாபகம்தான். பத்துப் பன்னிரண்டு முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள். கிட்டே போனால் கொத்து!

இது காட்டுக்கோழி வழியாக வந்த குணம். காட்டில் அடைகாக்காத கோழிக்கு வாரிசு ஏது? அங்கே இன்டர்வியூ நடத்துவது கீரியும் பருந்தும் பட்டினியும். இயற்கைத் தேர்வு என்பது இதைத்தான்.

மனுஷன் நடத்தும் தேர்வில் ஒரே கேள்வி: 'வருஷத்துக்கு எத்தனை முட்டை?' அடைக்கு உட்கார்ந்த கோழி முட்டை போடாது. பண்ணைக்காரருக்கு அது லீவு! எனவே உட்காராத கோழிகளையே பொறுக்கிப் பொறுக்கி இனம் பெருக்கினார்கள். இன்று வெள்ளை லெகான் வருஷத்துக்கு முந்நூறு முட்டை வரை போடுகிறது. அடைகாப்பது மட்டும் அநேகமாக மறந்தே போச்சு. குஞ்சு பொரிக்க இன்குபேட்டர்தான். காட்டில் விட்டால் ஒரே தலைமுறையில் வம்சம் அவுட்!

பாட்டியின் கோழி வாத்து முட்டையைக்கூடப் பொரித்துக் கொடுத்தது, சார்.