கோல்ஃப் ஜிடிஐ (ஐந்தாம் தலைமுறை): இயந்திரக் கோளாறுகளும் பராமரிப்புச் செலவும்

கோல்ஃப் ஜிடிஐ என்பது ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் தயாரிக்கும் அதிக ஆற்றல் கொண்ட சிறிய கார் ஆகும். குடும்பப் பயன்பாட்டுக்கான கோல்ஃப் காரில் வலுவான எஞ்சினைப் பொருத்தி 1976இல் இவ்வகை விற்பனைக்கு வந்தது. ஐந்தாம் தலைமுறை ஜிடிஐ 2004ஆம் ஆண்டு பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. 2009இல் ஆறாம் தலைமுறை இதன் இடத்தைப் பிடித்தது. பழைய கார் சந்தையில் இதன் விலை இன்று மிகவும் குறைந்துவிட்டது. ஆனால் உதிரிபாகங்களின் விலையும் பணிமனைக் கூலியும் அவ்வாறு குறையவில்லை. வாங்கிய பின் வரும் செலவை முன்கூட்டி அறிய, இந்தக் காரின் எஞ்சின் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்வது அவசியம்.

எஞ்சின் அமைப்பு

இதில் 1984 கன செ.மீ. கொள்ளளவுள்ள, டர்போ பொருத்திய நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் உள்ளது. இது 200 குதிரைத்திறனும் 280 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. கையியக்க கியர்பாக்ஸ் கொண்ட கார் 7.2 நொடிகளில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டும். பெட்ரோல் நேரடியாக சிலிண்டருக்குள் உயர் அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. பெரும்பாலான கார்களில் உள்ள எஞ்சின் ஈஏ113 குடும்பத்தைச் சேர்ந்தது. வட அமெரிக்காவில் 2008இன் நடுப்பகுதியிலிருந்து விற்கப்பட்ட கார்களில் ஈஏ888 குடும்ப எஞ்சின் இடம்பெற்றது. இரண்டின் கோளாறுகளும் வேறுபடுவதால், காரில் உள்ளது எது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். கீழே கூறப்படுபவை முக்கியமாக ஈஏ113 எஞ்சினைப் பற்றியவை.

கேம் ஃபாலோவர் தேய்மானம்

உயர் அழுத்த எரிபொருள் பம்பை, உள்ளிழுப்பு கேம்ஷாஃப்டின் முனையிலுள்ள கேம் இயக்குகிறது. கேமுக்கும் பம்பின் தண்டுக்கும் இடையே சிறிய கிண்ணம் போன்ற ஓர் உலோகப் பாகம் உள்ளது. இதுவே கேம் ஃபாலோவர் ஆகும். கேம் இதன் முகத்தில் உருளாமல் உரசியே செல்வதால், அதன் மேலுள்ள கடினப் பூச்சு மெல்லத் தேய்கிறது. பூச்சு போனபின் உலோகம் விரைவாகக் கரைந்து, இறுதியில் ஓட்டை விழுகிறது. அதன்பின் பம்பின் தண்டு நேரடியாகக் கேமில் உரசும். பம்பும் கேம்ஷாஃப்டும் ஒருசேரப் பழுதாகும். உலோகத் துகள்கள் எண்ணெயோடு கலந்து எஞ்சின் முழுவதும் பரவும்.

இதன் விலை மிகக் குறைவு. பம்பைப் பிடித்திருக்கும் மூன்று திருகாணிகளைக் கழற்றினால் இதைப் பார்த்துவிடலாம். எண்ணெய் மாற்றும்போது ஒன்றுவிட்டு ஒரு முறையேனும் இதைச் சோதிப்பது நல்லது. ஆற்றலைக் கூட்ட மென்பொருளையோ பம்பையோ மாற்றிய கார்களில் தேய்மானம் விரைவாக நிகழும் என்பதால் இன்னும் அடிக்கடி சோதிக்க வேண்டும். வேகமெடுக்கும்போது ஆற்றல் திடீரெனக் குறைவது, எரிபொருள் அழுத்தம் குறைவதாகப் பிழைக்குறி பதிவாவது ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள்.

வால்வுகளில் கரிப்படிவு

பழைய முறை எஞ்சின்களில் பெட்ரோல் உள்ளிழுப்பு வால்வின் பின்புறம் பட்டு அதைக் கழுவியபடி உள்ளே செல்லும். நேரடிப் பீய்ச்சலில் இது நடப்பதில்லை. கிராங்க்கேசிலிருந்து வரும் எண்ணெய் ஆவி வால்வில் ஒட்டிக் கரியாகிறது. காலையில் முதல்முறை கிளப்பும்போது எஞ்சின் நடுங்குவது, நின்ற நிலையில் சீரற்று ஓடுவது, இழுவை குறைவது ஆகியவை இதனால் ஏற்படும். பெட்ரோலில் கலக்கும் துப்புரவு திரவங்கள் வால்வின் பின்புறத்தைத் தொடுவதே இல்லை. ஆகவே அவற்றால் பயனில்லை. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, அரைத்த வால்நட் ஓட்டுத் துகள்களைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வதே வழக்கமான தீர்வு. இதில் செலவின் பெரும்பகுதி கூலியே.

டைமிங் பெல்ட்

இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதும், எஞ்சினே சேதமாகும். பெல்ட் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றியே அறுகிறது. எனவே ஓடிய தூரம், ஆண்டுகள் ஆகிய இரண்டையும் கணக்கிட்டு மாற்ற வேண்டும். குறைவாக ஓடிய பழைய காரிலும் ரப்பர் முதிர்ந்திருக்கும். தண்ணீர் பம்பையும் இதே பெல்ட் சுழற்றுவதால், பம்பு, டென்ஷனர், உருளைகள் ஆகியவற்றையும் உடன் மாற்றினால் ஒரே கூலியில் வேலை முடியும். ஈஏ888 எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி உள்ளது. அதில் சங்கிலியின் டென்ஷனரே கவனிக்கப்பட வேண்டிய பாகம்.

சிறு கோளாறுகள்

முற்காலக் கார்களில் டர்போவின் டைவர்டர் வால்வில் ரப்பர் சவ்வு இருந்தது. அது கிழிந்தால் காற்றழுத்தம் கசிந்து இழுவை குறையும். பின்னர் வந்த பிஸ்டன் வகை வால்வை அதன் இடத்தில் பொருத்தலாம். கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வு பழுதானால் எண்ணெய் செலவு கூடும். இக்னிஷன் காயில் பழுதானால் எஞ்சின் விளக்கு மின்னும். அந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் எரியாத பெட்ரோல் வினையூக்கி மாற்றியைக் கெடுக்கும். மலிவான காயிலைத் தள்ளிப்போட்டு, விலை உயர்ந்த மாற்றியை வாங்க நேரிடும்.

கியர்பாக்ஸ்

ஆறு வேக டிஎஸ்ஜி தானியங்கி கியர்பாக்ஸில் எண்ணெயில் நனைந்த இரண்டு கிளட்சுகள் உள்ளன. இதன் எண்ணெயையும் வடிகட்டியையும் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இதைத் தவறவிட்ட கார்களில் கிளம்பும்போது உதறல் தோன்றலாம். கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் அலகு பழுதானால், பழைய காரின் மதிப்போடு ஒப்பிடத்தக்க செலவு வரக்கூடும். கையியக்க வகையில் கிளட்ச் மாற்றும்போது இரட்டை நிறை ஃப்ளைவீலையும் சோதிக்க வேண்டும்.

செலவின் தன்மை

உடற்பகுதி, சஸ்பென்ஷன் பாகங்கள் பல சாதாரண கோல்ஃப், ஆவுடி ஏ3, ஸ்கோடா ஆக்டேவியா ஆகியவற்றோடு பொதுவானவை என்பதால் எளிதில் கிடைக்கும். ஆனால் 312 மி.மீ. முன் பிரேக் தட்டுகள், 17 அல்லது 18 அங்குலச் சக்கரங்களுக்கான டயர்கள், தரக்குறியீடு கொண்ட செயற்கை எண்ணெய், உயர் ஆக்டேன் பெட்ரோல் ஆகியவை சாதாரணக் காரைவிடக் கூடுதல் செலவு வைக்கும்.

செலவை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். எண்ணெய், டயர், பிரேக் போன்றவை தவிர்க்க முடியாதவை. பெல்ட், டிஎஸ்ஜி எண்ணெய், கரி நீக்கம் ஆகியவை குறித்த இடைவெளியில் வருபவை. உடைந்த கேம்ஷாஃப்ட், வளைந்த வால்வு, பழுதான மெக்கட்ரானிக் ஆகியவை பெரும்பாலும் இரண்டாவது வகையைப் புறக்கணித்ததால் வருபவை.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

• பெல்ட், டிஎஸ்ஜி எண்ணெய் மாற்றியதற்கான ரசீதுகள் உள்ளனவா?
• கேம் ஃபாலோவரைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கிறாரா?
• முற்றிலும் குளிர்ந்த எஞ்சின் சீராகக் கிளம்புகிறதா?
• ஆற்றலைக் கூட்டும் மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளனவா?

ரசீது இல்லாத வேலை செய்யப்படவில்லை என்றே கொண்டு, அதன் செலவையும் காரின் விலையோடு கூட்டிக் கணக்கிட வேண்டும். அவ்வாறு கணக்கிடும்போது, முழுமையான பராமரிப்புப் பதிவுள்ள சற்றே விலை கூடிய காரே பல வேளைகளில் மலிவானதாக அமையும்.