உலக சமயங்கள் தேர்வு: வகுப்புக்குச் செல்லாமல் 3 கிரெடிட் பெறுவது எப்படி?

அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் பெற ஒரு மாணவர் பொதுவாக 120 கிரெடிட்டுகளை ஈட்ட வேண்டும். அவற்றுள் சிலவற்றை வகுப்பில் அமராமல், தேர்வு எழுதியே பெறவும் வழி உண்டு. அத்தகைய தேர்வுகளுள் ஒன்று ‘உலக சமயங்கள் அறிமுகம்’. இதில் தேர்ச்சி பெறுபவருக்கு ஒரு பாடத்துக்கான கட்டணமும் பல மாத காலமும் மிச்சமாகலாம். ஆனால், ‘என் சமயம் எனக்குத் தெரியாதா?’ என்ற நம்பிக்கையில் ஆயத்தமின்றிச் செல்பவர் தடுமாற நேரிடும்.

தேர்வின் அமைப்பு

இது டிஎஸ்எஸ்டி எனப்படும் தேர்வு வரிசையைச் சேர்ந்தது. அமெரிக்கப் படையினரின் உயர்கல்விக்காகத் தொடங்கப்பட்ட இத்தேர்வுகளைத் தற்போது பொதுமக்களும் எழுதலாம். ப்ரோமெட்ரிக் நிறுவனம் இவற்றை நடத்துகிறது.

வினாக்கள் 100, நேரம் 2 மணி. ஒரு வினாவுக்குச் சராசரியாக 72 விநாடிகளே கிடைக்கும். 200 முதல் 500 வரையிலான மதிப்பெண் அளவில் 400 பெறுபவருக்கு 3 கிரெடிட் வழங்கலாம் என்று அமெரிக்கக் கல்வி மன்றம் பரிந்துரைக்கிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதால் எந்த வினாவையும் விட்டுவிடத் தேவையில்லை. தோல்வியுற்றவர் 30 நாள்களுக்குப் பின்னரே மீண்டும் எழுத முடியும்.

என்ன படிக்க வேண்டும்?

இந்து சமயம், பௌத்தம், கன்பூசியம், தாவோயியம், யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகியவற்றுடன் பழங்குடிச் சமயங்களும் புதிய சமய இயக்கங்களும் பாடத்திட்டத்தில் உள்ளன. யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகிய மூன்றுக்கும் கூடுதல் இடம் உண்டு.

வழிபாட்டில் தேர்ந்தவர் தேர்விலும் தேர்ந்தவராக இருப்பார் என்று கூற இயலாது. நாள்தோறும் கோயிலுக்குச் செல்பவரிடமும் நான்கு புருஷார்த்தங்கள், நான்கு ஆசிரமங்கள் ஆகியவற்றை வரிசைப்படுத்தக் கேட்டால் தயங்கக்கூடும். 325-ஆம் ஆண்டு நைசியா சங்கமும், 1054-இல் கிழக்கு, மேற்குத் திருச்சபைகள் பிரிந்ததும் ஞாயிறு வழிபாட்டில் அன்றாடம் பேசப்படுபவை அல்ல. 632-இல் நபிகள் நாயகம் மறைந்த பின் தலைமை யாருக்கு என்ற வினாவிலிருந்து சன்னி, ஷியா பிரிவுகள் உருவான வரலாற்றையும் தனியே படித்தாக வேண்டும். எந்தச் சமயம் மெய்யானது என்பதை இத்தேர்வு கேட்பதில்லை. ஒவ்வொரு சமயத்தவரும் எதை நம்புகின்றனர், அந்த நம்பிக்கை எவ்வாறு வளர்ந்தது என்பதையே கேட்கிறது.

ஆயத்தமாகும் முறை

முதலில், மாணவர் தமது கல்லூரி இந்தக் கிரெடிட்டை ஏற்குமா என்பதை எழுத்துப்பூர்வமாக உறுதி செய்துகொள்ள வேண்டும். கல்வி மன்றம் பரிந்துரை மட்டுமே செய்கிறது, முடிவெடுப்பது கல்லூரியே. இதை விசாரிக்காமல் எழுதினால் தேர்ச்சி பெற்றும் பயனின்றிப் போகலாம்.

அடுத்து, அதிகாரப்பூர்வப் பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதிரித் தேர்வை எழுதினால் எந்தச் சமயத்தில் அறிவு குறைவு என்பது புலப்படும். தோற்றுவித்தவர், புனித நூல், பிரிவுகள், பண்டிகைகள், அடிப்படைக் கொள்கை என ஐந்து பத்திகள் கொண்ட ஓர் அட்டவணையைச் சமயவாரியாக நிரப்புவது பயன் தரும். தேரவாதம், மகாயானம் அல்லது தோரா, தல்மூத் போன்று குழப்பம் தரும் இணைகளை அருகருகே எழுதிப் படிக்கலாம். இறுதியாக, நேரக் கணக்குடன் மீண்டும் ஒரு மாதிரித் தேர்வு எழுத வேண்டும்.

இந்தியாவில் எப்படி?

இந்தியாவில் தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐத் தொடர்ந்து, கல்விசார் கிரெடிட் வங்கி 2021-இல் ஏற்படுத்தப்பட்டது. ஸ்வயம் இணையவழிப் பாடங்கள் வாயிலாக ஒரு பருவத்தின் கிரெடிட்டுகளில் 40 விழுக்காடு வரை பெறக் கல்வி நிறுவனங்கள் அனுமதிக்கலாம். எனினும், அதற்குப் பாடத்தில் சேர்ந்து பயில வேண்டும். டிஎஸ்எஸ்டியில் மாணவர் எங்கே, எவ்வாறு படித்தார் என்பது கருதப்படுவதில்லை. 2 மணி நேரத் தேர்வின் முடிவே கணக்கில் கொள்ளப்படுகிறது.