சோளத்தின் அடியில் ஒரு புல்



நெல் அறுத்த வயலில் அரிதாளேனும் எஞ்சி நிற்கும். ஆனால் மாட்டுத் தீவனத்திற்காகச் சோளம் விளைவித்த நிலத்தில், அறுவடை முடிந்த மறுநாள் எஞ்சுவது யாது? ஏறக்குறைய ஒன்றுமில்லை எனலாம். ஈண்டுச் சோளம் என நான் குறிப்பது மக்காச்சோளத்தையே, இறுங்கையன்று. தீவனச் சோளத்தைக் கதிர், தண்டு, இலை என வேறு பிரிக்காமல் முழுச் செடியாகவே அறுத்துச் சிறு துண்டுகளாக நறுக்கி, காற்றுப் புகாதபடி அழுத்தி மூடிப் புளிக்க வைக்கின்றனர். சைலேஜ் எனப்படும் அத்தீவனம் குளிர்காலம் முழுவதும் கறவை மாடுகளுக்கு உணவாகின்றது. மாட்டுக்கு வயிறு நிறைகின்றது, நிலமோ வெறுமையாகின்றது. இவ்வெறுமையால் விளையும் தீங்கையும், அதனைத் தடுக்கக் கையாளப்படும் ஒரு முறையையும் இன்று ஆராய்வோம்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒல்லாந்து தேசம். அந்நாட்டின் தெற்கிலும் கிழக்கிலும் மணற்பாங்கான நிலங்கள் பரந்துள்ளன. 1970ஆம் ஆண்டளவிலிருந்து அங்குப் பால்மாட்டுப் பண்ணையாளர் தீவனச் சோளத்தைப் பெருமளவில் விளைவிக்கத் தொடங்கினர். இன்று அது ஏறத்தாழ 2 இலட்சம் எக்டேயர் நிலத்தில் விளைகின்றது. எவ்வளவு எரு இட்டாலும் தாங்கிக் கொள்ளும் இயல்பு சோளத்திற்கு உண்டு. ஆகவே பண்ணைகளில் மிகுந்து கிடந்த மாட்டெருவெல்லாம் முன்னாளிற் சோள நிலத்திலேயே கொட்டப்பட்டது.

சோளப் பயிர் கோடை முடியுமுன்னரே நைதரசனை உறிஞ்சுவதைப் பெரும்பாலும் நிறுத்தி விடுகின்றது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்களோ தம் தொழிலை நிறுத்துவதில்லை. மண்ணில் வெப்பம் உள்ளவரை அவை எருவையும் மக்கிய பொருள்களையும் சிதைத்து நைத்திரேற்றாக மாற்றிக் கொண்டேயிருக்கும். அதனை உண்ண அப்போது வேர் இல்லை. பற்றி வைக்க மணலுக்கு வலிமையும் இல்லை. இலையுதிர்காலத்து மழை தொடங்கியதும் அந்த நைத்திரேற்று நீரோடு கரைந்து நிலத்தடிக்கு இறங்கி விடுகின்றது. அந்நிலத்தடி நீரே மக்கள் பருகும் நீர். நைத்திரேற்று மிகுந்த நீரிற் கரைத்த பாலைப் பருகும் கைக்குழந்தையின் குருதி, உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து விடலாம். இதனாலேயே ஐரோப்பிய நாடுகள் 1991இல் இயற்றிய நைத்திரேற்றுச் சட்டத்தில், நிலத்தடி நீரின் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என எல்லை வகுத்தன.

பரிகாரம் எளிதாகவே தோன்றிற்று. அறுவடையானதும் ரை போன்றதொரு மூடுபயிரை விதைத்தால், எஞ்சிய நைத்திரேற்றை அது உறிஞ்சிக் கொள்ளுமன்றோ? மணல் நிலங்களிற் சோளத்திற்குப் பின் மூடுபயிர் இடுவது 2006ஆம் ஆண்டு முதற் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் எதிர்பார்த்த பயன் முழுமையாகக் கிட்டவில்லை. காரணம், காலம். சோளம் முதிர்ந்து அறுவடையாவதற்குள் பல வேளைகளில் ஒக்டோபர் மாதம் பிறந்து விடும். அதன்பின் விதைத்த பயிர் குளிரில் நடுங்கி இரண்டொரு இலை விடுவதற்குள் மழை தன் வேலையை முடித்து விடும். சட்டம் நிறைவேறும், கிணறு காக்கப்படாது.

ஆகவே அறுவடை வரை காத்திராது, சோளம் நிற்கும்போதே அதன் அடியில் மூடுபயிரை விதைக்கும் முறை முதன்மை பெற்றது. இதனை ஊடுவிதைப்பு எனலாம். இதன் உயிர்நாடி, விதைக்கும் பருவத்தில் அடங்கியுள்ளது. பள்ளிக்கூடத்திற் காலம் கழித்த எனக்கு இது ஒரு வாங்கில் இருவரை அமர்த்துவது போலத் தோன்றுகின்றது. இருவரும் ஒருங்கே வந்தமர்ந்தால் வலியவன் மற்றவனைத் தள்ளி விடுவான்; மிகப் பிந்தி வருபவனுக்கோ இடமே கிடைக்காது.

இத்தாலிய ரைப்புல் விரைந்து வளர்வது. சோளத்தோடு அதனை விதைத்தால் நீரையும் உரத்தையும் பறித்துச் சோளத்தை நலியச் செய்யும். எனவே விதைத்து ஆறு, எட்டு வாரங்களின் பின், சோளம் முழங்காலளவு உயர்ந்ததும், 75 சென்ரிமீற்றர் இடைவெளியுள்ள வரிசைகளின் நடுவே அதனை விதைக்கின்றனர். அதற்கும் பிந்தினால் சோள இலைகளின் நிழல் கவிந்து, முளைத்த புல்லும் மாய்ந்து போகும். உயர் பெஸ்கியூ என்னும் புல்லோ மிக மெதுவாக வளர்வது. அதனைச் சோளம் விதைக்கும் நாட்களிலேயே விதைக்கலாம். இரண்டின் போக்கும் பின்னர் ஒன்றே. கோடை முழுவதும் நிழலில் ஒடுங்கிக் கிடந்து, சோளம் அறுக்கப்பட்டு வெயில் நிலத்தில் விழுந்த அன்றே தழைக்கத் தொடங்கும். வேர் முன்னரே ஊன்றியிருப்பதால், மழை கொண்டு செல்ல வேண்டிய நைத்திரேற்றை இப்புல் தன் உடலிற் சேர்த்து வைக்கின்றது. இளவேனிலில் அதனை மண்ணோடு உழுது புரட்ட, அடுத்த சோளத்திற்கு அதுவே உரமாகின்றது.

இம்முறையில் இடர்கள் இல்லாமலில்லை. புற்களைகளைக் கொன்று மண்ணில் நெடுநாள் தங்கும் களைகொல்லி, நாம் விதைத்த புல்லையும் கொல்லும். அதனை விட்டால் களை பெருகும். ஆதலின் எந்த மருந்து, எவ்வளவு, எந்நாள் என்பதை உழவன் நுணுகி எண்ண வேண்டியவனாகின்றான். கோடை வறண்டால் முளைப்புக் குன்றும். ஈரநிலத்தில் அறுவடை இயந்திரத்தின் கனத்த சக்கரங்கள் புல்லை நசுக்கி விடும். இளவேனிலில் உழவு பிந்தினாலோ, காவலுக்கு வைத்த புல்லே நீரைக் குடித்து அடுத்த பயிருக்குப் பகையாகும்.

2019ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டம் மேலும் இறுகியது. மணல் நிலங்களில் மூடுபயிரை ஒக்டோபர் முதலாம் நாளுக்குள் விதைத்து விட வேண்டுமென அப்போது விதிக்கப்பட்டது. ஊடுவிதைப்புச் செய்தவர் அந்நாளுக்குட்பட்டவரல்லர். இதனால் உழவன் முன் இரு வழிகள் நின்றன. விரைவில் முதிரும் சோள வகையைப் பயிரிட்டு விளைச்சலிற் சிறிது இழப்பது ஒன்று. சோளத்தின் அடியிலேயே புல்லை வளர்ப்பது மற்றொன்று. செப்டெம்பர் மழையில் வயலுக்குள் இயந்திரம் இறங்க முடியாத ஆண்டில், முதல் வழியை நம்பியவன் வானையும் நாட்காட்டியையும் மாறி மாறிப் பார்த்து நிற்க வேண்டியவனானான்.

இவ்வரலாறு நமக்கு முற்றும் அந்நியமன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் நம் மக்கள் பருகுவது சுண்ணாம்புக்கல்லின் இடையே தங்கும் கிணற்று நீரே. அக்கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் பல்லாண்டுகளாக எடுத்துரைத்து வருகின்றனர். ஒல்லாந்தின் புல் நம் மண்ணுக்கு ஏற்குமென்று நான் கூறவில்லை. ஆனால் நம் உழவர் பசளைக்கென விதைத்து உழும் சணலும் அதே தொழிலைச் செய்ய வல்லது. உரம் இட்ட நிலத்தில், மழை வருமுன் உயிருள்ள வேர் ஒன்று இருத்தல் வேண்டும். பயிரை அறுத்த பின் அதனைத் தேடப் புகுந்தால், பெரும்பாலும் நாம் பிந்தியவர்களாகி விடுவோம்.