‘கொடுவாள் இருக்கா?’ என்று கேட்டால் ஏன் முறைக்கிறார்கள்?

‘ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்து, குற்றாலம் அருகே தென்னந்தோப்பு வாங்கியிருக்கிறேன். தென்காசியில் ஒரு கடையில், “கொடுவாள் இருக்கா?” என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எதுக்கு?” என்றார். நான் தவறாகக் கேட்டுவிட்டேனா?’ என்று கேட்டிருக்கிறார் வாசகர் ஒருவர்.

தவறு இல்லை. கொங்குப் பகுதியில் விறகு பிளக்கவும் வேலி முள் வெட்டவும் வைத்திருக்கும் சாதாரணக் கருவி கொடுவாள். ‘கொடு’ என்றால் வளைந்த என்று பொருள். கொடுக்காப்புளி ஞாபகம் வருகிறதா? அதே ‘கொடு’தான். ஆனால், தென்காசிக்காரர் காதில் அது கொடுமையோடு சேர்ந்து விழுகிறது. இங்கே அதற்கு வெட்டரிவாள் என்று பெயர், பேச்சில் வெட்டருவா. செங்கோட்டையைத் தாண்டி மேற்கே போனாலும், தெற்கே குமரிக்குப் போனாலும் அதே வேலைக்கு வெட்டுக்கத்தி. குமரிக்காரர் வாயில் வெட்டோத்தி. தென்காசியில் கத்தி என்று மட்டும் சொன்னால் காய் நறுக்கும் கத்தியை எடுத்து நீட்டுவார்கள். செங்கோட்டை, 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த ஊர். அங்கே இரண்டு பேச்சும் கலந்து புழங்குவதில் ஆச்சர்யமில்லை.

இதைவிடப் பெரிய வழக்கு, கதிர் அறுக்கும் அரிவாளில் இருக்கிறது. உள்பக்கம் ரம்பம்போலப் பல் வைத்த அந்த அரிவாளைத் தெற்கே பன்னரிவாள் என்பார்கள். ‘பல் வைத்த அரிவாள், அதனால் அந்தப் பெயர்’ என்பது ஒரு கட்சி. ‘அப்படியானால் பல்லரிவாள் என்றல்லவா வரவேண்டும்? பண்ணையில் புழங்கியதால் பண்ணரிவாள்’ என்பது இன்னொரு கட்சி. டெல்டாக்காரர்கள் இந்தச் சண்டைக்கே வருவதில்லை; அவர்களுக்கு அது கருக்கரிவாள். பனைமட்டையின் ஓரத்தில் இருக்கும் பல்லுக்குக் கருக்கு என்று பெயர். பொருநராற்றுப்படையில் நெல் அறுக்கும் கருவி ‘குயம்’. அந்தச் சொல் இப்போது எந்தப் பட்டறையிலும் இல்லை.

எனக்கு ‘பல்’ கட்சிதான் சரியாகப் படுகிறது. ஆனால், பெயரைவிடப் பல்லைக் கவனியுங்கள். பல் வைத்த அரிவாளைச் சாணைக்கல்லில் தீட்டினால் பல் தேய்ந்துபோகும். பட்டறையில் கொடுத்துக் கருக்கு வெட்டித்தான் வாங்க வேண்டும். பல் இல்லாத அரிவாளை வரப்பில் உட்கார்ந்தே தீட்டிக்கொள்ளலாம். பெயர் மாறி வாங்கிவிட்டு, பல்லைத் தேய்த்து வீணாக்கியவர்கள் உண்டு. (நானும் ஒருமுறை செய்திருக்கிறேன்.)

பனையேறிகளிடம் இந்தக் குழப்பமே கிடையாது. பாளை சீவுவது பாளை அரிவாள். மெல்லிய இலை, சவரக்கத்திபோலக் கூர்மை. அதால் மட்டை வெட்டமாட்டார்கள். அதற்கு வேறு அரிவாள். இடுப்பில் தொங்கும் அருவாப்பெட்டியில் இருப்பதைத் தொட்டுப் பார்த்தே எடுத்துவிடுவார்கள். ஆடு மேய்ப்பவர் நீளக் கம்பின் நுனியில் கட்டியிருப்பது தொரட்டி. யாழ்ப்பாணத்தில் ஓலை வார்கிற சிறு கத்திக்குச் சத்தகம் என்று பெயர். அதையே கம்பில் கட்டினால் கொக்கைச் சத்தகம்.

சரி, கடைக்காரர் ஏன் ‘எதுக்கு?’ என்று கேட்டார்? 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை, ரவுடிகள் மீதான சோதனையைத் தொடர்ந்து, பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் ஒரு கட்டுப்பாடு வைத்தது. வாங்குபவரின் பெயர், முகவரி, செல்போன் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். விவசாயத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் மட்டுமே விற்க வேண்டும் என்றது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருள்களை ஆயுதம் என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆக, பெயரில் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வீச்சரிவாள் என்று நோட்டில் எழுதினால் அது ஒரு மாதிரி. தேங்காய் வெட்டும் அரிவாள் என்று எழுதினால் வேறு மாதிரி. லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடிக்கும் கொல்லருக்கு இரண்டும் ஒரே உலை, ஒரே சம்மட்டிதான்.

எனவே வாசகரே, கொடுவாள், வெட்டரிவாள், வெட்டுக்கத்தி எதையும் சொல்ல வேண்டாம். “அண்ணாச்சி, தேங்கா வெட்ட, மட்டை கழிக்க ஒரு அருவா வேணும்” என்று வேலையைச் சொல்லிக் கேளுங்கள். ஊரில் பழகிய அரிவாள் இருந்தால் அதை ஒரு காகிதத்தில் வைத்து ஓரம் வரைந்து எடுத்துப் போங்கள். மூக்கு எவ்வளவு வளைய வேண்டும் என்பதைச் சொல்லால் விளக்க முடியாது. பிடி போடுவதற்கு முன் கையில் வாங்கி எடை பாருங்கள். பில் போடச் சொல்லி, அதில் ‘விவசாயத்துக்கு’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் கொண்டுபோகும்போது சாக்கில் சுற்றி, அந்தப் பில்லையும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.