ஏற்காட்டில் மழையா? அடிவாரத்தில் மனை வாங்குபவர்கள் இதைப் படியுங்கள்!

சேலம் கோரிமேடு பக்கம் போகிறவர்களுக்குக் கொண்டப்பநாயக்கன்பட்டி தெரிந்திருக்கும். சேர்வராயன் மலையின் காலடியில் இருக்கிற ஊர். வயல், தோட்டம், கிணறு என்று இருந்த இந்த அடிவாரப் பகுதிகளில் இப்போது கல் நட்டு, கலர் கொடி கட்டி, மனை விற்பனை நடக்கிறது. மலைக்காற்று, பக்கத்திலேயே டவுன்... யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால், மலை காற்றை மட்டும் அனுப்புவதில்லையே!

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைத் தொட்டது ஃபெஞ்சல் புயல். கடலே இல்லாத நமக்கென்ன என்றுதான் சேலத்துக்காரர்கள் பலர் நினைத்திருப்பார்கள். வலுவிழந்து உள்மாவட்டங்களுக்குள் நகர்ந்த அது, அங்கேதான் கொட்டித் தீர்த்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. ஏற்காட்டில் 20 செ.மீ.க்கும் மேல். மலைப்பாதையில் மண் சரிந்தது. திருமணிமுத்தாறு பெருக்கெடுத்து, சேலத்தில் தாழ்வான இடங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

இதே மழை முன்பு வயலில் விழுந்தபோது என்ன ஆனது? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் வரப்புக்குள் 15 செ.மீ. தண்ணீர் நின்றால் அது சுமார் 6 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஐம்பது லோடு! அதில் ஒரு பகுதி மெல்ல மண்ணுக்குள் இறங்கி, பக்கத்துக் கிணற்றில் ஊறும். வரப்பை வெட்டி, சமன் செய்து, சிமென்ட் போட்டுவிட்டால் அந்த ஐம்பது லோடும் உடனே தெருவில் ஓடும்.

அதைவிட மோசம், ஓடைகளின் கதி. வருஷத்தில் பத்து மாதம் காய்ந்து கிடப்பதால் அது ஓடை என்றே புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது. மேடாக்கி ரோடு போட்டுவிடுகிறார்கள். மலைத் தண்ணீர் கன்னங்குறிச்சி புது ஏரிக்கும், அங்கிருந்து மூக்கனேரிக்கும் போவது பழைய ஏற்பாடு. 2010-ல் சேலம் மக்கள் குழு மூக்கனேரியைத் தூர்வாரி, அந்த மண்ணிலேயே குட்டித் தீவுகள் அமைத்து மரம் வளர்த்தது. அருமையான வேலைதான். ஆனால் ஏரி ஆழமாக இருந்து என்ன, வழியில் ஓடை இல்லை என்றால்?

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அரசின் இ-சேவை இணையதளத்தில் சர்வே எண் போட்டு 'அ' பதிவேட்டைப் பாருங்கள். ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். புலப்படத்தையும் கிராம வரைபடத்தையும் வாங்கி, பக்கத்தில் எங்கே ஓடை போகிறது என்று நேரில் நடந்து பார்த்துவிடுங்கள். அங்கீகாரமில்லாத மனைகளை வரைமுறைப்படுத்த 2017-ல் அரசு விதிகள் கொண்டுவந்தபோதுகூட நீர்நிலையில் உள்ள மனைகளுக்கு அதில் இடம் தரவில்லை. என்னைக் கேட்டால், அந்தப் பக்கம் மாடு மேய்த்த பெரியவர் ஒருவரிடம், "ஐயா, பெருமழைக்கு இங்க தண்ணி எது வரைக்கும் வரும்?" என்று விசாரிப்பது எல்லாப் பத்திரத்தையும்விட மேல்.

ஏற்கெனவே குடியேறிவிட்டீர்களா? வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் தெருமுனைப் பாலத்தடியில் அடைத்திருக்கும் பிளாஸ்டிக்கையும் கட்டட இடிபாட்டையும் அகற்றியாக வேண்டும். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, மாத்திரை எல்லாம் ஒரே பையில், உயரத்தில் இருக்கட்டும். போனில் 'டிஎன் அலர்ட்' செயலியை ஏற்றி, மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐச் சேமித்துவிடுங்கள். உங்கள் தெருவில் தூறல்கூட இல்லாவிட்டாலும் ஏற்காட்டுக்குக் கனமழை எச்சரிக்கை என்றால் அது உங்களுக்கும்தான். வேகமாக ஓடும் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் வண்டியை இறக்காதீர்கள்.

ஊராட்சிப் பகுதி என்றால் ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே ஓடை தூர்வாரும் கோரிக்கையைத் தீர்மானமாக்கச் சொல்லுங்கள். நகலையும் கையோடு வாங்குங்கள். வேலை நடக்கவில்லை என்றால் அக்டோபர் 2 கூட்டத்தில் எடுத்துக் காட்டிக் கேட்கலாம்.