சிறுநீரகத்தில் காசநோய்: பைக்குள் பார்க்கும் பரிசோதனை ஏன்?

"ஹஜ்ரத், சிறுநீர் அடிக்கடி வருகிறது, உளூ நிற்பதில்லை, என்ன செய்வது?" பள்ளிவாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. மார்க்கச் சட்டம் எளிதானது. சொட்டு நிற்காதவர் ஒவ்வொரு தொழுகையின் நேரம் வந்ததும் உளூச் செய்து தொழுதுகொள்ளலாம். ஆனால் டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டால், "மாத்திரை சாப்பிட்டேன், குறைந்தது, திரும்பவும் வந்துவிட்டது" என்பார்கள். இது மாதக்கணக்கில் நீடித்தால், சந்தேகிக்க வேண்டிய நோய்களில் சிறுநீரகக் காசநோயும் ஒன்று.

காசநோய் என்றாலே இருமல்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் நுரையீரலில் நுழைந்த கிருமி ரத்தத்தின் வழியே சிறுநீரகத்தை அடைந்து, பல வருடங்கள் சத்தமின்றி உறங்கிக் கிடக்கலாம். விழித்துக்கொண்டால் சிறுநீரகத்தை அரித்து, குழாய் வழியாகச் சிறுநீர்ப் பைக்கு இறங்கும். பை சுருங்கிப்போகும். எரிச்சல், இரவில் பலமுறை எழுவது, சிலருக்கு ரத்தம் என்று வெளிப்படுவது அப்போதுதான். இருமலே இல்லாமலும் இருக்கலாம்.

சிறுநீரில் சீழ் அணுக்கள் இருக்கும், ஆனால் சாதாரண கல்ச்சரில் எந்தக் கிருமியும் வளராது. இதுதான் முதல் துப்பு. அடுத்து, குறைந்தது 3 நாட்கள் அதிகாலைச் சிறுநீரை எடுத்துக் காசநோய்க் கிருமியைத் தேடுவார்கள். அந்தக் கல்ச்சர் முடிவுக்கு 6 முதல் 8 வாரங்கள்கூட ஆகும். ஜீன் எக்ஸ்பர்ட் சோதனை சில மணி நேரத்தில் சொல்லிவிடும். ஆனால் கிருமி குறைவாக இருந்தால் இரண்டுமே தவறவிடலாம்.

அப்போதுதான் சிஸ்டோஸ்கோப்பி தேவைப்படுகிறது. மரத்துப்போக மருந்து கொடுத்து, விளக்குள்ள மெல்லிய குழாயைச் சிறுநீர்த் துவாரம் வழியே செலுத்திப் பையின் உட்புறத்தைப் பார்ப்பார்கள். சிவப்பு, புண், உருமாறிய குழாய் வாய் ஆகியவை தென்படலாம். புற்றுநோயும் இப்படியே தோன்றக்கூடும் என்பதால், பார்ப்பது மட்டும் போதாது. சிறு துணுக்குச் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிப்பார்கள். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும். அதனால் கல்ச்சருக்கான துணுக்கை ஃபார்மலின் இல்லாமல் தனியாக அனுப்ப வேண்டும். இதை டாக்டரிடம் கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

பலர் வெட்கத்தால் இதை மறுத்துவிடுகிறார்கள். சிகிச்சைக்காக, தேவையான அளவுக்கு மட்டும் அவ்ரத்தை டாக்டரிடம் வெளிப்படுத்த மார்க்கத்தில் அனுமதி உண்டு. பெண்கள் பெண் டாக்டரைக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் அதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். இதனால் குளிப்பு கடமையாகாது, உளூ மட்டும் புதிதாகச் செய்தால் போதும். ஓரிரு நாள் எரிச்சலும் லேசான ரத்தமும் இருக்கலாம்.

நோய் உறுதியானால் மருந்து பெரும்பாலும் 6 மாதம். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசம். அதில் ரிஃபாம்பிசின் என்ற மருந்து சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். ரத்தம் என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.